அளந்தீங்களா?

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது போய்ச் சொல்வார்கள். எதற்காக எழுதினான், யார் எழுதச் சொன்னார்கள், இப்போது ஏன் எழுதுகிறான் என்று அவரிடமிருந்து போன் வரும். எந்தப் பதிலைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு கேள்வி வைத்திருப்பார். ஆகவே அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் எங்களுக்கு ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அப்பா எடுத்தது, இப்போது நான் பார்க்கிறேன். அக்கா முதன்முதலில் அங்கே வந்த காலை எனக்கு மறக்காது. வெள்ளைக் கார் ஒன்றிலிருந்து இறங்கினார். ஐம்பதை நெருங்கும் வயது. பருத்திச் சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, காலில் ஷூ. பெட்ரோல் போடுகிற மாரியப்பன் டேங்க் மூடியைத் தொடப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"ஃபில்டர் பேப்பர் இருக்குதுங்களா?"

வாடிக்கையாளர் கேட்டால் பேப்பரில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விட்டு, கறை இல்லாமல் காய்கிறதா என்று காட்ட வேண்டும். அதுதான் விதி. பலகையிலும் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அத்தனை வருஷத்தில் கேட்டவர் ஒருவர் கிடையாது. பேப்பர் கட்டைத் தேடியெடுக்கவே நேரம் பிடித்தது. பேப்பர் கறையில்லாமல் காய்ந்தது. அடுத்து டென்சிட்டி பார்க்கச் சொன்னார். அதுவும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு தன் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதில் கொஞ்சம் பெட்ரோலும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். எத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுமாம். அதுதான் பலகையிலேயே போட்டிருக்கிறதே என்றேன்.

"பலகைல இருக்கறதெல்லாம் டேங்க்ல இருக்குமுங்களா தம்பி?"

பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஏங்க்கா, எங்களப் பாத்தா திருட்டுப் பயலுக மாதிரியா தெரியுது?"

"தெரியலீங்க. அதானுங்க சோதிக்கறேன். தெரிஞ்சிருந்தா வேற பங்குக்குப் போயிருப்பனுங்களே."

இப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகு சண்டை போட முடியாது. டேங்க்கை நிரப்பிக்கொண்டு போனார். மறுபடி வந்தபோது மறுபடி சோதித்தார். ஒவ்வொரு முறையும் சோதித்தார். பிறகு எங்கள் பங்குக்குப் பின்னால், ஒரு சந்து தாண்டி இருந்த பழைய புகையிலைக் கிடங்கை வாடகைக்கு எடுத்துத் தொழிலையே அங்கே கொண்டுவந்துவிட்டார். பெட்ரோல் தேறிவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவருடைய தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காகக் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினில் கைவைப்பார்கள். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போடுவார்கள், காற்று உள்ளே வருகிற வழியைப் பெரிதாக்குவார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அதைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. புகைக்குழாயில் ஓர் ஓட்டை போட்டு சென்சார் ஒன்றைச் சொருகுவார். அதிலிருந்து வருகிற ஒயர் ஒரு சின்ன மீட்டருக்குப் போகும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று அந்த மீட்டர் எண்ணாகக் காட்டும். சும்மா உருட்டிக்கொண்டு போகும்போது பதினான்கை ஒட்டி நிற்கும். மிதித்து ஓட்டும்போது பன்னிரண்டு பக்கம் இறங்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் பெட்ரோல் அதிகம், கரும்புகை வரும், காசுதான் நஷ்டம். மேலே ஏறினால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சினுக்குள் சூடு கண்டபடி ஏறி பிஸ்டன் உருகிவிடும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எந்த வேகத்தில் எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பெட்ரோல் என்று கட்டம் கட்டமாக எஞ்சினின் கம்ப்யூட்டருக்குள் எழுதுவார். அந்தக் கட்டங்களுக்கு மேப் என்று பெயர்.

கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயக் கார் ஷெட்டுகளில் பல வருஷம் இருந்தவர். அங்கே அவர் எழுதிய மேப்பை யாரோ லேப்டாப்பிலிருந்து உருவி நாலு பேருக்கு விற்றுவிட்டார்களாம். "டீ குடிக்கப் போன நேரத்துல எடுத்துப்போட்டானுங்க தம்பி" என்பார். அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்குப் போவதில்லை. கிடங்கிலேயே அடுப்பு வைத்துக்கொண்டார். பாலையும் தன் எதிரிலேயே கறக்கச் சொல்லி வாங்குவார்.

அவருடைய ஒரே கேள்வி, "அளந்தீங்களா?" என்பதுதான். இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் தெருவில் மாப்பிள்ளை நல்ல உயரம் என்று கல்யாணப் பேச்சில் ஒருவர் சொன்னதற்கும் அதே கேள்வியைக் கேட்டு அந்த வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கணவருக்கு இந்த ஊரில்தான் வேலை. அவர் போன் செய்து வாசலுக்கு வந்துவிட்டேன் என்றால், "ஹாரன் அடிங்க" என்பார். நல்ல மனிதர் அவர், தவறாமல் அடிப்பார்.

கிடங்கில் ஒரு தட்டு நிறைய நகப்பூச்சுப் பாட்டில்கள் இருக்கும். சிவப்பு, ஊதா, பச்சை, இன்னும் பெயர் தெரியாத நிறங்கள். அக்காவின் விரலில் ஒருநாளும் பூச்சு பார்த்ததில்லை. எல்லாம் போல்ட்டுகளுக்கு. முடுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுத்துவிடுவார். அடுத்தமுறை வண்டி வரும்போது கோடு உடைந்திருந்தால் யாரோ திருப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நிறம் மட்டும் மாதத்துக்கு மாதம் மாறும். ஒரே நிறமென்றால் யாராவது அதே பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சந்தேகம். எந்த மாதம் என்ன நிறம் என்று எனக்கும் சொல்ல மாட்டார். நான் ஏன் போய் ஊதா நகப்பூச்சு வாங்கப் போகிறேன்? கேட்டால் சிரிப்பார்.

எனக்கு அவரைப் பிடித்துப் போனதே ஒரு சிறுமலைப் பயணத்தில்தான். மலையில் ஏறும்போது காற்று மெலிந்துகொண்டே போகும், எழுதிய மேப் அங்கேயும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்க்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படிக்க ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு நான் அகப்பட்டேன். அடிவாரத்தில் காரை நிறுத்தி, சென்சாரைக் கழற்றி வெளிப்பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டு, மீட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினார்.

"இது என்னக்கா?"

"சுத்தமான காத்து எப்படி இருக்கும்னு இதுக்குக் காட்டறனுங்க. இத வச்சுத்தான் மத்ததெல்லாம் அளக்கும். மத்தவங்க வருசத்துக்கு ஒருக்காக் காட்டுவாங்க. நான் ஒவ்வொரு வேலைக்கும் முந்தி காட்டிருவேன். மீட்டர எப்படிங்க நம்பறது?"

பிறகு மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த அம்மாள் ஓட்டிய ஓட்டத்துக்கு, வயிற்றில் இருந்த இட்லி நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் நின்றது. நான் பன்னெண்டு நாலு, பன்னெண்டு ஆறு என்று சாமி பெயர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தேன். மேலே ஒரு வாழைத்தோப்புப் பக்கம் நிறுத்தி லேப்டாப்பைத் திறந்தார். மீட்டர் காட்டிய எண்களெல்லாம் அதில் தானாகவே பதிவாகியிருந்தன.

"ஏனுங்க தம்பி, நாலாவது வளைவுல பன்னெண்டு எட்டுன்னீங்க. இதுல பன்னெண்டு ரெண்டுங்குது."

"அக்கா, அதுலதான் தானா ஏறுதுன்னா என்னைய எதுக்குப் படிக்கச் சொன்னீங்க?"

"இது சரியாப் பதியுதான்னு பாக்கோணுமில்லீங்க. நாலாவது வளைவுல கண்ண மூடிட்டீங்க, அப்படித்தானுங்களே?"

மூடியிருந்தேன். மறைக்க முடியவில்லை. இரண்டு பேரும் அங்கே நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். கிளம்பும்போது எனக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் தேன் மாதிரி இருக்கும் என்றதற்கு, ஒன்றை உரித்துத் தின்று பார்த்த பிறகுதான் வாங்கினார்.

அம்மாவுக்கு ஒருமுறை காய்ச்சல் விடாமல் அடித்தபோது அக்கா மூன்று தெர்மாமீட்டரோடு வந்து நின்றதையும் சொல்ல வேண்டும். "ஒண்ண நம்பக் கூடாதுங்க. மூணுல ரெண்டு ஒத்துப்போச்சுன்னா அதுதானுங்க காய்ச்சல்." இரண்டு ஒத்துப்போயின. உடனே தன் காரிலேயே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் சொன்ன மருந்தை இன்னொரு டாக்டரிடம் போனில் கேட்டார். அம்மாவுக்கு அவரை மிகவும் பிடிக்கும். கொஞ்சம் கிறுக்கு, ஆனால் நம்ம மேல் பிரியமான கிறுக்கு என்பாள்.

இதெல்லாம் நல்ல காலம். பிறகு கரூரிலிருந்து இரண்டு பேர் ஒரு காரை வேலைக்கு விட்டுவிட்டு, அக்கா வேலை செய்வதை நின்று போனில் படம் பிடித்தார்கள். ரசிகர்களாகத்தான் இருக்க வேண்டும். அக்கா அப்படி நினைக்கவில்லை. அன்றிலிருந்து வேலைக்கு உட்காரும்போது ஷட்டரை இறக்கிவிடுவார். உள்ளே விளக்கு எரியும், வெளியே நாம் நிற்போம். என்னையும் வெளியேதான் நிறுத்தினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த மழைக்காலத்தில், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவரின் கார் அக்காவிடம் வந்தது. மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் வேகப் பைத்தியம் பிடித்திருந்தது. டர்போ போட்ட கார், எங்கள் பங்கில்தான் பெட்ரோல். வேலை முடிந்து எடுத்துக்கொண்டு போன மறுநாளே வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் ஓட்டை. பத்து நாள் கழித்து இன்னொருவர் கார், அதே கதை.

அக்கா இரண்டு பிஸ்டன்களையும் மேஜையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். மேப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். எல்லாம் பன்னிரண்டில் நின்றது. மேப் சரி, மீட்டர் சரி, இரும்பு சரி. மிச்சம் இருப்பது பெட்ரோல்.

அதை அவர் மண்டிக்காரரிடம் சொன்னார். மண்டிக்காரர், அக்காவும் நானும்கூட இருக்கிற கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொன்னார். குழுவில் விழுந்தது ஊரில் விழுந்ததுதான். இரண்டு நாளில் எங்கள் பங்கு வெறிச்சோடியது. வழக்கமாக வருகிற பள்ளிக்கூட வேன்கள்கூட எதிர்ப்பக்கத்துப் பங்கில் போட்டுக்கொண்டு போயின. மாரியப்பனிடம் ஒருவன் நேராகவே, "என்னப்பா, மண்ணெண்ணெய் ரெடியா?" என்று கேட்டுவிட்டான். மாரியப்பன் அப்பா காலத்திலிருந்து எங்கள் பங்கில் இருப்பவர். அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். அப்பாவிடம் நான் பேச்சைத் தவிர்த்தேன். அவர் முப்பது வருஷம் காத்த பெயர் என் கையில் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனி ஆட்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்ரோலில் ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். ஷட்டரைத் தட்டித் திறக்கச் சொல்லி நீட்டினேன். அக்கா படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"காசு குடுத்தா ரிப்போர்ட்டையும் வாங்கலாமுங்களே தம்பி."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "அக்கா, நான் உங்களுக்கு யாரு?"

"அது வேறங்க. ரெண்டு மீட்டர் வச்சிருக்கறனுங்க நானு. ரெண்டும் ஒரே எண்ணத்தான் காட்டுது. ரெண்டும் சேந்து பொய் சொல்லுமுங்களா?"

"அப்ப நான் பொய் சொல்றேன்?"

அக்கா ரிப்போர்ட்டை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். அதுதான் என்னை அறுத்தது. இனி இந்த வாசலில் கால் வைப்பதில்லை என்று திரும்பி வந்தேன்.

வந்தவன் சும்மா இருந்தேனா? பங்கின் பின்பக்கத்துக் கேமராவைத் திருப்பி கிடங்கு வாசலைப் பார்க்க வைத்தேன். தன் கைத்தப்பை மறைக்கப் பெட்ரோலைச் சொல்கிறாள், என்னமோ செய்கிறாள் உள்ளே, கண்டுபிடிக்கிறேன் பார் என்று உட்கார்ந்து திரையையே பார்த்தேன். யார் வருகிறார்கள், என்ன எடுத்துப் போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து மாரியப்பனையும் ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டேன். டேங்க் சாவி யாரிடமெல்லாம் இருக்கிறது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காவின் வியாதி எனக்கும் வந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

திரையில் உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி பாய் உள்ளே போவார், சற்று நேரத்தில் வருவார், ஷட்டர் இறங்கும். அவ்வளவுதான். பாய் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் வாராவாரம் வந்து, மயிலிறகு விசிறியால் சாம்பிராணிப் புகை காட்டிவிட்டுப் போகிறவர். எங்கள் பங்குக்கு மட்டும் நெருப்பைக் கொண்டுவர முடியாது. சட்டியைச் சாலைக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து துவா சொல்லிவிட்டுப் போவார். அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன மொதலாளி, பங்குல ஈ காக்காயக் காணோமே. கண்ணு பட்டுப்போச்சு போல."

"உங்க புகையத்தான் உள்ள விட முடியலையே பாய்."

"அந்தா அந்த அம்மாட்டக் கேளுங்க, சாம்பிராணிக்கு அது குடுக்குற மருவாதிய. மத்த கடையில நான் வாசல்ல விசிறிட்டுப் போயிருவேன். அது சொந்தமா தூபக்கால் வாங்கி வச்சு, அதுல கங்கு அள்ளிப் போடச் சொல்லும். நெறையப் போடுங்க பாய்ங்கும். ஷட்டர இறக்கி அம்புட்டுப் புகையையும் உள்ளயே நிக்க வைக்கும். கண்ணேறும் போகும், கொசுவும் போகும்ல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்காக எழுந்தேன் என்று எனக்கே தெளிவில்லை. சிறுமலை அடிவாரத்தில் கண்ணாடியில் தொங்கிய சென்சார் மட்டும் மனதில் வந்தது. கால் வைப்பதில்லை என்று சொன்ன வாசலுக்கே ஓடினேன். ஷட்டரைத் தட்டினேன். பாதி ஏறியது, உள்ளிருந்து புகை வந்து முகத்தில் மோதியது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். மீட்டருக்குச் சுத்தமான காத்துக் காட்டுவீங்களே, இப்பல்லாம் எங்க வச்சுக் காட்டுறீங்க?"

"இங்கதானுங்க. வெளிய எல்லாரும் பாக்கறாங்க. அந்தா, அந்த ஆணியில."

ஆணியில் இரண்டு சென்சாரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒரு முழம் கீழே, மேஜை விளிம்பில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அக்கா பார்த்தார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஷட்டரை மேலே முழுக்கத் தூக்கினார். ஒரு சென்சாரை மட்டும் கழற்றிக்கொண்டு பின்பக்க முருங்கைத் தோட்டத்துக்குப் போய், வேலியில் தொங்கவிட்டு, காற்றுக் காட்டிக்கொண்டு வந்தார். இன்னொன்றை அப்படியே விட்டார். இரண்டையும் தன் வெள்ளைக் காரின் புகைக்குழாயில் மாட்டினார். ஏறுங்க என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பங்கைத் தாண்டி நேராகப் போகும் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மிதித்தார். நான் இரண்டு எண்களையும் சத்தமாகப் படித்தேன். இந்தமுறை கண்ணை மூடவில்லை. புகையில் பழகிய மீட்டர் பதினொன்று நாலு என்றது. தோட்டத்துக் காற்றைப் பார்த்த மீட்டர் பன்னிரண்டு ஒன்று என்றது. மறுபடி மிதித்தார், மறுபடி அதே வித்தியாசம். அழுக்குக் காற்றையே சுத்தம் என்று எடுத்துக்கொண்ட மீட்டர், அதற்குப் பிறகு பெட்ரோல் இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நம்பி அக்கா பெட்ரோலைக் குறைத்திருக்கிறார். போன இரண்டு கார்களுக்கும் வெள்ளிக்கிழமைப் புகையில்தான் காற்றுக் காட்டியிருந்தாராம். இரண்டு மீட்டரும் ஒரே புகையில் தொங்கியதால் இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கின்றன.

சாலை ஓரத்தில் நிறுத்தினார். கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார்.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டனுங்க தம்பி. காத்தச் சந்தேகப்படலீங்க."

எனக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட்டுக்கொண்டே இன்னொன்றும் நினைத்தேன். இதை இவர் வெளியே சொல்வாரா? சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நாளையிலிருந்து தோட்டத்தில் காற்றுக் காட்டுவார், பிஸ்டன் போகாது, வேறு பங்கில் பெட்ரோல் போட்டதால் சரியாகிவிட்டது என்று ஊர் சொல்லும். எங்கள் பெயர் போனது போனதுதான். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை நான் நம்பவில்லை.

மறுநாள் காலையில் குழுவில் அக்காவின் குரல் வந்தது. "நான் அளந்தது தப்புங்க. ரெண்டு கார் போனதுக்கும் என்ற கைதான் காரணம். புகைக்குள்ள வச்சு மீட்டருக்குக் காத்துக் காட்டிப்போட்டேன். பங்க் பெட்ரோல் நல்ல பெட்ரோலுங்க. ரெண்டு எஞ்சினும் நானே கட்டித் தர்றேன்." அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். அவர் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். மாரியப்பன் காதில் போனை வைத்துக் கேட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் பெட்ரோல் போடப் போனார்.

இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மண்டிக்காரர் தன் எஞ்சின் வேலையைப் பார்க்க வந்தார். நானும் அங்கே இருந்தேன். அக்கா அவருக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினார். பாயிடம் கங்கு வாங்கி வைத்து, புகையில் ஒரு மீட்டர், வெளியில் ஒரு மீட்டர், இரண்டும் வேறு வேறு எண். மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் அக்காவைத் தள்ளிக் கூப்பிட்டார். தள்ளி என்றால் எனக்குக் கேட்கிற தூரம்தான்.

"தப்பா நெனக்காதீங்க. சாம்பிராணிப் பொகைல பிஸ்டன் போச்சுன்னா யாருங்க நம்புவாங்க? பங்க்காரர் எவ்வளவு குடுத்தாருங்க, இதச் சொல்றதுக்கு?"

நான் பாய்ந்துகொண்டு போனேன். அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"கோவப்படாதீங்க தம்பி. அவரு எடத்துல நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டனுங்க."

எங்கள் பங்குக்குக் கூட்டம் மெல்லத் திரும்பியது. ஜனங்களுக்குப் பெட்ரோல் வேண்டும், எத்தனை நாள் கோபத்தோடு எதிர்ப்பக்கம் போவார்கள்? அக்காவின் கிடங்குக்குத்தான் யாரும் திரும்பவில்லை. அவர் சொன்னதை நம்பியவர்கள் வேலை தெரியாதவர் என்றார்கள். நம்பாதவர்கள் விலை போய்விட்டார் என்றார்கள். இரண்டு எஞ்சினையும் சொன்னபடி கட்டிக் கொடுத்தார். பிறகு கிடங்கைக் காலி செய்தார். கணவரும் கோயம்புத்தூர்ப் பக்கமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கடைசி வாரங்களில் அக்காவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. யார் என்ன சொன்னாலும் சரிங்க, சரிங்க என்றார். கிடங்கின் கதவை ஒரு நாள் பூட்டாமலே போய்விட்டார். எதிரிலிருந்த கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன், பாலைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, குடித்தார். மனுஷிக்கு உடம்புதான் சரியில்லையோ என்று அம்மாகூடக் கேட்டாள்.

கிளம்புகிற அன்று சாமான் வண்டி போன பிறகு, சொல்லிக்கொள்ள பங்குக்கு வந்தார். காற்று பிடிக்கிற இடத்துப் பக்கம் நின்று பேசினோம். என் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க்கா வெளிய சொன்னீங்க? நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும்."

"நீங்க முந்திக்குவீங்களோன்னு ஒரு சந்தேகமுங்க. அதான் நான் முந்திப்போட்டேன்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "அதுவுந்தான் தப்பாப் போச்சு. நீங்க அப்படி ஆளில்லைன்னு இப்பத் தெரியுதுங்க. என்ற புத்தியே இனி எனக்குச் சரிப்படாது."

பேசாமல் இருந்திருக்கலாம். நல்ல பெயர் தானாக வந்து மடியில் விழுகிறது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"இல்லக்கா. அன்னைக்குச் சாயங்காலமே நான் எழுதி வச்சிட்டேன். காலைல குழுவுல போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க குரல் வந்துருச்சு."

"என்ற மனசு தேறட்டும்னு சொல்றீங்க."

"சத்தியமா அக்கா."

"சத்தியமெல்லாம் இருக்கட்டுமுங்க. காட்டுங்க."

போனை எடுத்தேன். அந்தக் குழுவில் அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை, எழுதி அனுப்பாமல் விட்டது அப்படியே கட்டத்தில் கிடந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். போனை வெயிலுக்கு மறைத்து, ஒரு வார்த்தை விடாமல் படித்தார். சாம்பிராணி, ஆணி, இரண்டு மீட்டர், அவருடைய பெயர், எல்லாம் அதில் இருந்தது. கொஞ்சம் காரமாகவே எழுதியிருந்தேன்.

படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. "பாத்தீங்களா! எனக்கு அப்பவே தெரியுமுங்க!" என்றார். என்னை நம்பாதது சரிதான் என்று தெரிந்து ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

காரில் ஏறப் போனவர் கதவைத் திறந்தபடியே திரும்பினார்.

"இத வேற யாருக்காச்சும் அனுப்பினீங்களா தம்பி?"

"இல்லக்கா."

"நம்பலாமுங்களா?"

"நம்பாதீங்கக்கா" என்றேன்.